அடுத்தவர் காலுக்கு வேண்டிக்கொண்டவர்

உலகத்து மனிதர்களை நோயாளிகள், வைத்தியர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறவர்கள் மூன்றாவது வகை ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தமக்கு நோயும் இல்லாமல், வைத்தியமும் தெரியாமல், அடுத்தவரை எங்காவது வைத்தியத்துக்கு அனுப்புவதையே பிறவிப் பயனாகக் கொண்ட அந்த வகைக்கு ‘அனுப்பிவைப்பவர்’ என்று பெயர் வைப்போம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். அவர் காதில் விழும்படி, தலை வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். தைலம் தருவாரா? தரமாட்டார். தைலம் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது, அதைச் சொல்லி அவருக்கு என்ன பெருமை? மூன்று பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, ஆற்றைக் கடந்து, விடிவதற்குள் டோக்கன் வாங்கினால் மட்டுமே பார்க்கக்கூடிய ஒருவரைத்தான் சொல்வார். நோய் வளர வளரத் தூரமும் வளரும். சளிக்குப் பக்கத்து மாவட்டம். மூட்டுவலிக்குப் பக்கத்து மாநிலம். முதுகுத் தண்டு என்றால் கடல் தாண்டியே தீரவேண்டும்.

சித்தூர் பக்கத்துப் பங்காருபாளையம் பரணிக்குப் போனதும் தண்டுவடம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், மாங்காய் லாரியின் உச்சியில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தான். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, சக்கர நாற்காலிதான். ஆனால் மூலையில் உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை அவன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தன் மாந்தோப்புக்குப் போவான், மருந்தடிக்கிறவர்களைத் திட்டுவான், சீசனில் காயை மண்டிக்கு ஏற்றுவான். அவனுக்கு இருந்த ஒரே வில்லங்கம் மண்டி வாசலில் இருந்த மூன்று படி. ஏலம் உள்ளே நடக்கும். பரணி வெளியே வெயிலில் உட்கார்ந்து தன் காய்க்குத் தானே கத்துவான். உள்ளே இருக்கிறவர்களுக்குப் பாதி கேட்கும், பாதி கேட்காது. கேட்காத பாதியில்தான் விலை இருக்கும்.

இந்தப் பரணிக்கு வாய்த்த அனுப்பிவைப்பவர், அவன் மனைவி கன்னிகாவின் பெரியப்பா செங்கல்வராயன். சித்தூர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநாலு வருஷம் நேரம் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு, விசில் ஊதி, ஆயிரமாயிரம் பேரை அனுப்பிவைத்த கை அது. ஓய்வு பெற்ற மறுநாள் அனுப்ப பஸ் இல்லை. கை சும்மா இருக்குமா?

வியாழக்கிழமை தோறும் வந்துவிடுவார். வந்ததும் பரணியின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். கால் கட்டைவிரலை ஒரு கிள்ளு கிள்ளுவார்.

“தெரியுதா மாப்ள?”

“இல்ல மாமா.”

“போன வாரத்துக்கு இந்த வாரம் கொஞ்சம் தெரியுது,” என்று கன்னிகாவிடம் சொல்வார். அப்புறம் பேச்செல்லாம் அவளோடுதான். “நல்லா துன்றாரா? தூங்கறாரா? மன தைரியமா கீறாரா?” பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலை மென்றுகொண்டிருக்கும் பரணிக்கு, தான் ஏதோ பழுது பார்க்கக் கொடுத்த கிரைண்டரோ என்று சந்தேகம் வந்துவிடும்.

ஸ்டெம் செல் என்ற சொல்லை அவர் எங்கே பிடித்தார் என்பது யாருக்கும் தெரியாது. பிடித்தார், பிறகு விடவில்லை. “ஒன்னியும் இல்ல மாப்ள. நீ நாட்டு மாங்கன்னுல பெங்களூரா மாங்கா ஒட்டு கட்டுறியே, அதேதான். புது செல்லு எடுத்து முதுவுல வச்சு ஒட்டிடுவாங்கோ. அது துளிர் வுட்டு கால் வரைக்கும் ஓடிடும். அந்தே!” என்று தெலுங்கில் முற்றுப்புள்ளி வைப்பார். எந்த நாடு என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு நாடு சொல்வார். “அது சின்ன நாடுதான். ஆனா ரொம்ப சுத்தம்.” தண்டுவடத்துக்கும் தெருச் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அதையெல்லாம் அனுப்பிவைப்பவரிடம் கேட்கக் கூடாது.

‘பரணி நடக்கிறார்’ என்று ஒரு வாட்ஸப் குழுவும் ஆரம்பித்தார். நகரியிலிருந்து காளஹஸ்தி வரை உள்ள சொந்தக்காரர்கள், பழைய கண்டக்டர்கள், யாரென்றே தெரியாத இரண்டு பேர் என்று நூற்றுச் சொச்சம் ஆட்கள். காலையில் கும்பிடும் கை, மதியம் வெளிநாட்டுப் புல்தரையில் நாயோடு ஓடும் வெள்ளைக்காரர், சாயங்காலம் பாஸ்போர்ட் விவரம். குழுவில் சேர்க்காமல் விடப்பட்டவன் பரணி ஒருவன்தான். நோயாளி மனசைக் குழப்பக் கூடாதாம்.

பரணிக்கு நடக்க ஆசை இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. சிரித்துக்கொண்டே இருப்பதால் ஆசை செத்துவிட்டது என்று அர்த்தமா? கன்னிகா குளிக்கப் போன சமயத்தில், தன் கட்டைவிரலைத் தானே கிள்ளிப் பார்த்திருக்கிறான். யாருக்கும் சொல்லாமல், மாதப் பரிசோதனைக்குத் திருப்பதி போனபோது, தன்னைப் பார்க்கும் டாக்டர் சபீனாவிடமே ஸ்டெம் செல் பற்றிக் கேட்டான். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்குது பரணி. நடக்க வைக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. அதுக்குள்ள காசு வாங்கிக்கிட்டு செய்யறவங்க நிறைய. அதுல தொற்று வரலாம், வலி கூடலாம். இருக்கறதும் போயிடலாம். நெசமா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நானே மொதல்ல உனக்குப் போன் பண்ணுவேன்.”

பரணி மறுநாள் தோப்புக்குப் போய், மருந்தடிப்பவனை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திட்டிவிட்டு வந்தான். கொஞ்சம் தேவலையாக இருந்தது.

அனுப்பிவைப்பவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமே? அடுத்த வியாழக்கிழமை அவர் திருமலை லட்டோடு வந்தார். கூடவே பலமனேரிலிருந்து ஓர் ஆள். தோப்பை விலைக்குப் பார்க்க வந்தவர். விமானம் ஏற வேண்டுமென்றால் தோப்பை விற்றே தீரவேண்டும். வேறு சொத்து கிடையாது.

“தோப்ப வுட்டா நாங்க இன்னா துன்றது மாமா?”

“நீ நடந்தா பத்து தோப்பு வாங்கலாம். அதோட, இனிமே போவாம இருக்க முடியாது. சாமிகிட்ட சொல்லிக்கினு வந்துட்டேன்.”

“இன்னா சொன்னீங்க?”

“பரணி கொணமாயி, மலையடிவாரம் அலிபிரிலேர்ந்து அத்தன படியும் நடந்தே ஏறி வருவான். வந்து மொட்ட போட்டுக்குவான்னு வேண்டிக்கினேன்.”

பார்த்தீர்களா? வேண்டுதல் அவருடையது. கால் பரணியுடையது. முடியும் பரணியுடையது. செங்கல்வராயன் தம் பங்குக்குக் கொடுத்தது வாய் ஒன்றுதான்.

கன்னிகா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாமி பேர் வந்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. “ஒரு தபா போய்த்தான் பாக்கலாமே,” என்று மெல்லச் சொன்னாள். அவளும் ஆசைப்படுகிறாள் என்பது பரணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்காகவே, திருப்பதியில் ஒரு ஹோட்டலில் நடந்த ஸ்டெம் செல் ஆலோசனை முகாமுக்கு வர ஒப்புக்கொண்டான். தோப்பு நிற்பதும் போவதும் அன்றைக்கு முடிவாகும் என்று பேச்சு.

நடக்க முடியாதவர்களுக்கான அந்த முகாமை முதல் மாடியில் வைத்திருந்தார்கள். லிப்ட் ரிப்பேர். நாலு பேர் பரணியை நாற்காலியோடு தூக்கினார்கள். செங்கல்வராயன் முன்னால் நடந்து, “ரைட், ரைட், லெப்ட்ல ஒடி,” என்று சத்தம் கொடுத்தார். வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

டை கட்டிய இளைஞர் ஒரு வீடியோ போட்டார். ஒரு பெண் எழுந்து ஆறு அடி நடந்தாள். கூட்டம் கை தட்டியது. கன்னிகாவும் தட்டினாள். கேள்வி உண்டா என்று கேட்டதும் பரணி கை தூக்கினான்.

“நமக்கு மாந்தோப்பு சார். ஒட்டுக் கன்னு வாங்கப் போனா நர்சரிக்காரன ஒன்னு கேப்போம். நூறு ஒட்டு கட்டினியே, எத்தன புடிச்சுது? புடிக்காததெல்லாம் எங்க வச்சிருக்கேன்னு. நீங்க எத்தன பேருக்குப் பண்ணீங்க? எத்தன பேரு நடந்தாங்க? நடக்காதவங்கள ஒரு தபா காட்டுங்க.”

“ஒவ்வொரு பேஷண்டும் ஒவ்வொரு மாதிரி சார். நம்பிக்கைதான் முக்கியம்.”

“அப்படிச் சொல்ற நர்சரில நாங்க கன்னு எடுக்கறதில்ல சார்.”

இளைஞர் அடுத்த வீடியோவைப் போட்டார். அதிலும் அதே பெண்தான், புடவை மட்டும் வேறு. கன்னிகா வேலூர் நர்சரிகளில் கன்று பொறுக்கி வளர்ந்த பெண். அவள் எழுந்து வந்து புருஷனின் நாற்காலிப் பிடியைப் பிடித்தாள். “வா, போலாம்,” என்றாள். தோப்பு பிழைத்தது.

கீழே இறங்கியதும் செங்கல்வராயன் கலங்கிப்போனார். “அப்ப சாமி வேண்டுதல்? தெய்வ குத்தம் ஆயிடாதா?”

“ஆவாது. வேண்டினவரு ஏறட்டும்,” என்றான் பரணி. “அலிபிரி பக்கத்துலதான் மாமா.”

மறுத்தால் சாமிக்குப் பயந்தவர் இல்லை என்றாகிவிடும். ஒத்துக்கொண்டால் மூவாயிரத்துச் சொச்சம் படி. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார் மனிதர். பரணியும் கன்னிகாவும் காரில் மலைக்குப் போய், மொட்டை போடும் இடத்துக்கு வழி விசாரித்து, ஆளுக்கு இரண்டு காபியும் குடித்து முடித்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு செங்கல்வராயன் வந்து சேர்ந்தார். மொட்டை போட்டுத் திரும்பினால், அறை எடுத்திருந்த கட்டடத்து வாசலில் நாலே நாலு படி. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். முதல் படியில் ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார்.

“என்னால ஆவாதுப்பா.”

பக்கவாட்டில் சரிவு கட்டியிருந்தார்கள். பரணி அதில் சக்கரத்தைத் தள்ளி மேலே போய், திரும்பி நின்று கூப்பிட்டான். “இப்டி வாங்க மாமா.” செங்கல்வராயன் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, அதே சரிவில் முனகியபடி ஏறினார்.

“இத மாதிரிதான் மண்டியில ஒன்னு கேட்டுக்கினு கீறேன்,” என்றான் பரணி. “மூணு படிதான். சரிவு இருந்தா உள்ள போயி என் காய்க்கு நானே வெல கேப்பேன்.”

செங்கல்வராயன் முகம் வாடிப்போயிற்று. “அவ்ளோதானா? அதுக்குப் பாஸ்போர்ட்டே வேணாமே!”

வாட்ஸப் குழுவிலும் அதே ஏமாற்றம்தான். வெளிநாடு என்றபோது நூறு கைகள் கும்பிட்டன. சிமெண்ட் என்றதும் இரண்டு கட்டைவிரல் வந்தது, ஒருவர் விலகிவிட்டார். ஆனால் செங்கல்வராயனைக் குறைத்து நினைக்காதீர்கள். மொட்டைத் தலையோடு மண்டிக்காரரைப் போய்ப் பிடித்து, மேஸ்திரியை நேரம் பார்த்து வேலை வாங்கி, மூன்றாம் நாள் சரிவு கட்டி முடித்தார். ரொம்பச் செங்குத்தாகப் போய்விட்டது. பரணி சொல்லச் சொல்ல, இடித்து மறுபடி கட்டினார். இந்த முறை முதலில் அவனைக் கேட்டார்.

அந்த சீசனில் பரணி ஏலத்துக்கு நடுவில் உட்கார்ந்து, உள்ளூர் வியாபாரிகளோடு தெலுங்கில் சண்டை போட்டு, தன் காய்க்கான விலையைத் தானே வாங்கினான். வெளியே வந்தபோது அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்துக் கன்னிகாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

சரி, கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. பரணி லாரியிலிருந்து விழுந்தான் என்று படித்தீர்களே, அந்த இடத்தில், கேரளத்தில் எண்ணெய் போடும் ஒருவர், உங்கள் சித்தப்பாவை எழுப்பி உட்கார வைத்த ஒருவர், யாரோ ஒருவர் உங்கள் ஞாபகத்துக்கு வந்தாரா இல்லையா? அவருடைய நம்பர் போனில் இருக்கிறதா என்று பார்க்கக் கை போனதா? போயிருந்தால் தப்பில்லை, பாசம்தான். ஆனால் பங்காருபாளையத்துக்கு பஸ் ஏறுகிறீர்கள் என்றால், அவன் கட்டைவிரலைக் கிள்ளாதீர்கள். முகத்தைப் பார்த்து, “உனக்கு இன்னாப்பா வேணும்?” என்று கேளுங்கள். நாலு வருஷமாக அதைக் கேட்க ஆள் வரவில்லை.