கண் திறந்த படை

பல் துலக்கக்கூட மறந்து, கண்ணாடிக்காரர் அலமாரி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவருடைய பொம்மைப் படை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதுதான் விபரீதம். நேற்றுவரை அந்தப் படைக்குக் கண்ணே கிடையாது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைச் சோதித்தே தலை நரைத்த மனிதர் அவர். வீட்டுக்கு வந்தால் சுண்டுவிரல் உயர வீரர்களுக்கும், தீப்பெட்டி அளவு டாங்கிகளுக்கும் வர்ணம் தீட்டுவார். கவசம், கோடரி, டாங்கிச் சக்கரத்தில் ஒட்டிய சேறுகூடத் தத்ரூபமாக வரும். கண் மட்டும் வராது. தூரிகை முகத்தருகே போனதும் கை உதறும். ஒரு கண் கிழக்கே பார்த்தால் மறு கண் மேற்கே பார்க்கும். வெறுத்துப்போய், பதினொரு வீரர்களையும், டாங்கி மூடியைத் திறந்து எட்டிப்பார்க்கும் தளபதியையும் கண்ணில்லாமலே நிறுத்திவிட்டார்.

"இருக்கிறதை முடிச்சாத்தான் அடுத்த பெட்டி." வீடு வர்ணம் தீட்டாத பொம்மைப் பெட்டிகளால் நிரம்பியபோது வீறாப்பாக அவரே போட்ட சட்டம் இது. அழகு நிலையம் நடத்தும் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில்லாத பொம்மை முடிந்த பொம்மை இல்லை என்று ஒரு திருத்தமும் கொண்டுவந்தாள். சட்டம் போட்ட மகானோ, போன மாதமே ஒரு டிராகன் பெட்டியை வாங்கி, கட்டிலுக்கடியில் பழைய சூட்கேசில் பதுக்கிவிட்டார். அதை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதே ஒரு மாதமாக அவருடைய கவலை.

"அட! கண்ணெல்லாம் போட்டுட்டீங்களா?" பின்னால் மனைவி.

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருடன் எவனும் கண் வரைய வரமாட்டான். ஆனால் அதை யோசிக்க இப்போது நேரமில்லை. 'நான் இல்லை' என்றால் டிராகனுக்கு ஆயுள் தண்டனை. 'ஆமாம்' என்றால் இன்றே விடுதலை.

"ஆமா. உட்கார்ந்தேன், டக்குனு வந்துடுச்சு."

"பன்னெண்டுக்குமா? உங்க கையாலயா?"

"பின்னே, உங்கப்பா கையாலயா?"

"கை உதறலையா?"

"கண்ணு வரையறதெல்லாம் இப்போ எனக்குத் தண்ணி பட்ட பாடு!"

"அப்பாடா, என் வயித்துல பாலை வார்த்தீங்க! ஐலைனர் போடுற பொண்ணு இன்னைக்கு லீவு. எங்கம்மா போட்டோ எடுத்துக்கணும்னு வந்து உட்கார்ந்திருக்காங்க. நீங்களே போட்டு விட்டுடுங்க."

"யா... யாருக்கு?"

"எங்கம்மாவுக்குத்தாங்க!"

கூடத்தில் மாமியார் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தித் தயாராக இருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கோடு சீரா இருக்கணும். போன தடவை ஒருத்தி கோணலாப் போட்டா, அவளை நான் உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன்."

மனைவி தூரிகையைக் கையில் திணித்தாள். அதன் நுனி மாமியாரின் இமைக்கு முன்னால் தாண்டவம் ஆடியது. மாமியார் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி வேர்க்குது?"

தூரிகை தரையில் விழுந்தது. "நான் போடலை அத்தை! சத்தியமா அந்தக் கண்ணு ஒண்ணுகூட நான் போடலை!"

"தெரியுமே," என்றாள் மனைவி. "நான்தான் போட்டேன். முடிச்சது நான், அதனால உங்க சட்டப்படி அடுத்த பெட்டி எனக்கு."

கண்ணாடிக்காரருக்கு மானம் போனது. போனால் போகட்டும், டிராகனாவது பத்திரமாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது.

"அவ்வளவு சின்னக் கண்ணை உனக்கு எப்படிப் போட வந்துச்சு?"

"ஒரு மாசமாப் பழகினேன்." கீழே கிடந்த தூரிகையை எடுத்துத் துடைத்து, அம்மாவின் இமையில் ஒரே இழுப்பில் கோடு போட்டாள்.

ஒரு மாசமா? எதில் பழகினாள்?

அடுத்த நொடி கண்ணாடிக்காரர் கட்டிலுக்கடியில் இருந்தார். சூட்கேசைத் திறந்தார். உள்ளே டிராகன் முழுசாக நின்றது. செதில் செதிலாகப் பச்சை, சிறகில் செம்பு நிறம், நெருப்பாக இரண்டு கண்கள். கையை நீட்டினார்.

கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என் டிராகனைத் தொடாதீங்க. இமை இன்னும் காயலை!"