வருங்கால டாக்டரின் தாயார்

உலகத்தில் டாக்டர்கள் உண்டு, நோயாளிகள் உண்டு. இரண்டிலும் சேராமல், இருவரையும்விட அதிகம் பேசும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு: வருங்கால டாக்டரின் தாயார். ஒஹாயோவில் எங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த வருஷத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பிப்ரவரி வாரம் வந்தால் போதும், இந்த இனம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும்.

டார்லீன் ஹாலரனையே பாருங்களேன். மகள் பிரின்னுக்குப் பதினாறு வயது. பக்கத்து வீட்டு நாய்க்கு அடிபட்டாலும் கட்டுப் போட ஓடுகிற பெண். டாக்டராக வேண்டும் என்று ஐந்து வயதில் தானாகவே சொன்னவள். அம்மா சும்மா விடுவாரா? எந்தக் கணக்குப் படித்தால் எந்தக் கல்லூரி, அங்கிருந்து எந்த மருத்துவக் கல்லூரி என்று கலர் கலராகப் பட்டியல் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி, கடையில் தயிர் எடுக்க வந்தவளை மறித்து, "உங்க பொண்ணு கால்குலஸ் எடுக்கலியா? அடப் பாவமே!" என்று இரக்கப்பட்டு, அந்த இரக்கத்திலேயே ஒரு சுற்றுப் பருத்து வீடு திரும்புவார். பிரின்னுக்கு என்ன வரும், என்ன வராது என்பது மட்டும் பட்டியலில் இல்லை.

கணக்கு வாத்தியார் பெட்ரோசெல்லி நல்ல மனிதர். வாயைத் திறந்ததுதான் தப்பு.

"மேடம், பிரின் இப்பவே திணறுறா. புள்ளியியல் எடுக்கட்டும். டாக்டருக்கு அதுதான் தினமும் உதவும்."

"புள்ளியியலா? சார், அது டாக்டராகாத பிள்ளைங்க படிக்கிறது!"

"அம்மா, எனக்கும் அதான் புடிச்சிருக்கு," என்றாள் பிரின்.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான பேசிட்டிருக்கேன்!"

வாத்தியார் சொல்வதை மீறுவதற்கென்றே எங்கள் பள்ளியில் ஒரு படிவம் உண்டு. 'விளைவுகளை அறிந்தே ஒப்பமிடுகிறேன்' என்று கீழே அச்சடித்திருக்கும். டார்லீன் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படித்திருந்தாலும் போட்டிருப்பார்.

ஆகஸ்டில் புது வகுப்பு தொடங்கியது; அக்டோபருக்குள் பிரின் கால்குலஸ் தேர்வு இரண்டில் தோற்றாள். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"எனக்கு டாக்டர் ஆகுற மூளை இல்லம்மா. வேற ஏதாச்சும் படிக்கிறேன்."

பதினோரு வருஷத்து ஆசை! நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. டார்லீனுக்கு என்ன எரிந்தது தெரியுமா?

"ஐயையோ, இத நான் எல்லார்கிட்டயும் எப்படிடி சொல்லுவேன்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பிள்ளை அடுத்த வருஷம் என்ன படிக்கப்போகிறது என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். பிள்ளை என்ன கேட்டது என்று கேட்டால்?