பனியுகத்துச் சீப்பு

நிலவியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் குழியைப் பார்த்தாலும் அதன் சுவரில் ஒரு கோட்டைக் கிழித்து, ‘மேலே இந்தக் காலம், கீழே அந்தக் காலம்’ என்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு அது முற்றிப்போயிருந்த வயதில்தான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். (அதற்குள் அம்மா என்னைத் தெரு முழுக்கப் பேராசிரியை ஆக்கியிருந்தாள்.)

போர்டும் சாக்பீஸும் மற்றவர்களுக்கு. நான் முதல்வரையும் மாணவர்களையும் வேனில் ஏற்றி, கழுகுமலை ரோட்டில் அத்தை புதிதாக வெட்டியிருந்த ஆள் உயரப் பண்ணைக்குட்டைக்குள் இறக்கினேன். கரிசல் சுவரில் தோள் உயரத்தில் மண் லேசாக நிறம் மாறியிருந்தது. எனக்கு அது போதாதா? சுத்தியல் முனையால் நீளமாக ஒரு கோடு கிழித்தேன்.

“மேல இருக்கிறது நாம வாழுற ஹோலோசீன் காலம். கீழ பிளைஸ்டோசீன், அதாவது பனியுகம். மனுஷக் கையே படாத மண்ணு!” என்று முழங்கி, கோட்டுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினேன். பொத்தென்று ரோஸ் நிறப் பிளாஸ்டிக் சீப்பு ஒன்று விழுந்தது.

கரையில் நின்ற அத்தைக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “ஏட்டி, அது என் சீப்புலா! போன சித்திரையில வெடிப்புக்குள்ள விழுந்துட்டுன்னு எம்புட்டு தேடுனேன்!”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பனியுகத்துல தலை வாரியிருக்காங்க, என்னம்மா?”

மாணவர்கள் சிரித்த சிரிப்பில் வேலை கைவிட்டுப் போனது தெரிந்தது. அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? கோடையில் கரிசல் வாய் பிளப்பதையும், விழுந்ததை விழுங்கிவிட்டு மழையில் மூடிக்கொள்வதையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் நான். எம்.எஸ்ஸி. முடித்ததும் மறந்துவிட்டேன். என்மேல் வந்த ஆத்திரத்தில் கோட்டை உள்ளங்கையால் அழித்தேன்.

“சார், இதுதான் பாடமே. மண்ணுல கோடு கிடையாது, நாமதான் போடுதோம். ஒரு காலம் முடிஞ்சு அடுத்தது மணியடிச்சு வராது. எங்க கோடு போடன்னு விஞ்ஞானிங்க வருஷக்கணக்காச் சண்டை போட்டு, கடைசியில ஓட்டெடுத்து முடிவு பண்ணுதாங்க. ஹோலோசீனுக்கு எங்க போட்டாங்க தெரியுமா? கிரீன்லாந்துல தோண்டியெடுத்த பனிக்கட்டியில. அங்கதான் அடுக்கு கலையாம இருக்கு. ஏன்னா எங்க அத்தை அங்கன போகல!”

முதலில் சிரித்தவர் முதல்வர்தான். பிறகு கைதட்டல். குட்டைக்குள் நின்றபடியே, “திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க” என்றார். நான் ஜெயித்துவிட்டேன்!

இப்போது நான் துறைத்தலைவி. ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டிலும் அத்தை என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: “இவ காலேஜ்ல பாடம் எடுக்கா. வேலை வாங்கிக் குடுத்தது என் சீப்புலா!”