பெரிய கிளாக்கர் பூட்டிய கணினி

தான் பேர் போடாமல் எழுதப்போகும் மொட்டைப் பெட்டிசத்தை வலயக் கல்விப் பணிப்பாளரைத் தவிர ஈ எறும்புகூடப் படிக்கக் கூடாது என்று பொன்னையா முடிவு கட்டியிருந்தார்.

றொசல்லைக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் அவர் பெரிய கிளாக்கர். இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு கம்பெனி நடத்திய ஐந்து நாள் வகுப்பில் கணினி படித்தவர். வீட்டிலும் பழையது ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் குறுக்குவழிகளையெல்லாம் கலண்டர் தாளின் பின்புறம் எழுதிச் சட்டைப்பையில் முருகன் படத்தோடு சேர்த்து வைத்திருந்தார். கன்ட்ரோலும் இசட்டும் தட்டினால் செய்தது செய்யாததாகிவிடும். ஆல்ட்டும் டேப்பும் தட்டினால் எழுதுவது ஒளிந்து வேறொன்று முன்னே வரும். மனைவி சண்முகவடிவு தேத்தண்ணீரோடு வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் விரல்கள் அந்த இரண்டுக்கும் ஓடும். அவள் எப்போது எட்டிப் பார்த்தாலும் திரையில் தோட்டத்து மழை அளவுப் பட்டியல்தான்.

"இந்த வெயில்லயும் மழைதானாங்க?" என்பாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

போதாததற்கு, திறக்கும்போதே பாஸ்வேர்ட் கேட்கும்படி ஆறு மாதத்துக்கு முன்பே பூட்டும் போட்டிருந்தார்.

பெட்டிசம் பள்ளிக்கூடத்து அதிபர் தம்புவின் மேல். தம்பு யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வடிவு இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அவளுக்கும் அவர்தான் அதிபர். குற்றம் என்னவென்றால், விளையாட்டுப் போட்டியன்று பள்ளி அபிவிருத்திச் சங்கச் செயலாளரான பொன்னையாவை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தது. முன்னால் ஒரு பெரிய கறுப்புக் குடை. அன்று முழுவதும் அவர் பார்த்தது அந்தக் குடையை மட்டுமே.

ஒன்றரைப் பக்கம் பொரிந்து தள்ளினார். பூச்சிமருந்து விவரம் என்று பேர் வைத்து, கணினிக்குள்ளேயே பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டியாக ஒளித்தார். மறுநாள் பிளாப்பி என்னும் நெகிழ்தட்டில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார். கொமியூனிகேஷன் கடைப் பெண்ணிடம், வாசிக்காமல் அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டு, தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று வாசலிலேயே நின்றார். முகவரியை இடக்கையால் எழுதினார். தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் வெகு இனிமையாக இருந்தது.

அன்று மாலை வடிவு இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "பாவம் நம்ம அதிபரு. விளையாட்டுப் போட்டி அன்னிக்கு நாற்காலி பத்தலைன்னு, தான் உக்காராம மழையில நின்னே சளி புடிச்சிருச்சு."

பொன்னையா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குடைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நடந்திருக்கிறது. பெட்டிசம் யாருடையது என்று தெரிந்துவிட்டால் வடிவுக்கு நோட்டன் பிரிட்ஜுக்கு அப்பால், இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம்தான். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கலண்டர் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். தபால் பெட்டிக்குக் கன்ட்ரோலும் இல்லை, இசட்டும் இல்லை.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதிபரே வாசலில் நின்றார். கையில் ஒரு காகிதம். பொன்னையா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"பணிப்பாளர் இதைத் தந்தவர்," என்றார் தம்பு. "உறையைப் பார்த்திட்டு மொட்டைப் பெட்டிசம் எண்டு பயந்து போனாராம். எழுத்து அவ்வளவு கோணல். கையில ஏதும் சுகமில்லையோ?"

"வயசாகுதுல்லீங்களா சேர்," என்றாள் வடிவு கதவடியிலிருந்து. "நடுங்குது."

இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலக்கையால் காகிதத்தை வாங்கினார் பொன்னையா. மழையில் நின்றபடி போட்டியை நடத்தி முடித்த அதிபரைப் பற்றி அரைப் பக்கம். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைவில்லை. அடியில் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்று அவருடைய பேர்.

"இருபத்திரண்டு வருசச் சேவையில என்னைப் பற்றி ஒருத்தரும் நல்லதா ஒரு வரி எழுதினதில்லை," என்று சொல்லித் தம்பு கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த முறை முன் வரிசையில் உட்காரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பொன்னையாவுக்குப் பத்து நாள் பசியும் ஒரேயடியாக வந்தது. ஆறு இட்லி தின்ற பிறகுதான் கோபம் வந்தது.

"நீ எப்படிடீ உள்ள போனே? பூட்டியில்ல வச்சிருந்தேன்?"

"தூசி தொடைச்சேங்க. மூலையில எஸ்கேப்புன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல துணி பட்டுச்சு. பாஸ்வேர்டு கேக்குறத விட்டுட்டு அதுவாத் தொறந்துகிச்சு. ஆறு மாசமா எங்க வகுப்புப் பரீட்சைத் தாளெல்லாம் அதுலதான் அடிக்கிறேன்."

"மூணு பெட்டிக்குள்ள வச்சத எப்படிக் கண்டுபுடிச்சே?"

"ஸ்டார்ட்ட அமுக்கினா, கடைசியாப் பாத்ததெல்லாம் அதுவே வரிசையாக் காட்டுதே. வீட்டுல ஏதுங்க பூச்சிமருந்து? தொறந்து பாத்தேன், அழிச்சிட்டு வேற எழுதி வச்சேன்."

அவர் கலண்டர் தாளை வெளியே எடுத்துப் பார்த்தார். இந்த இரண்டும் அதில் இல்லை.

வடிவு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அதை முடுக்கினாள். கட்டம் வந்து பாஸ்வேர்ட் கேட்டது. "ஆமா, அப்படி என்னத்தத்தான் போட்டு வச்சிருக்கீங்க?"

பொன்னையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலையில் பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"வடிவு."

"சொல்லுங்க."

"அதான். உன் பேருதான்."

அவள் திரையில் மினுங்கிய வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு தரமாச்சும் அடிச்சுப் பாத்திருப்பேனே," என்றவள், பழக்கத்தில் எஸ்கேப்பையே தட்டினாள்.