சம்பந்தியை முந்திய பதினோரு விநாடி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு, அங்கு எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கத் துணிவில்லை. உங்கள் வீட்டில் ஆறு நாட்களாக யாரும் யாரோடும் பேசுவதில்லை என்றும், சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்றும் என் மகள் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் சொல்லிவிட்டாள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் விழுகிறது. ஆகவே, குடிநீர் வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, 'கதவு பூட்டியிருந்தது' என்பதற்கு மேல் ஒரு வரி எழுதியறியாத நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற ஞாயிறு நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில், அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், மூன்றாம் இடத்துக்கான கோப்பை எனக்கு வந்துவிட்டது. நான்காம் இடம் உங்களுக்கு. நடுவில் பதினோரு விநாடி. அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று உங்களை நம்பவைக்க வேண்டும். நம்பினால் சனிக்கிழமைதோறும் நான் வந்து பேத்தியைத் தூக்கிக்கொள்ளும் அந்தக் கதவு மறுபடி திறக்கும், என் மகளும் அந்த மேசையில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவாள். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

முதலில் நன்றியை எழுதிவிடுகிறேன். ஓடுவது என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது என்று மட்டுமே தெரிந்திருந்த என்னை, இரண்டு வருடத்துக்கு முன்னால் கடைக்கு அழைத்துப்போய், என் பாதத்தை உங்கள் கையாலேயே பிடித்து அளந்து ஷூ வாங்கிக் கொடுத்து, ஓட்டக் குழுவில் சேர்த்துவிட்டவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. உங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருபத்தேழு பதக்கங்கள் தொங்குகின்றன என்பதும், அத்தனையும் ஓடி முடித்த எல்லோருக்கும் கழுத்தில் போட்டுவிடுகிற பதக்கங்கள்தான் என்பதும், பத்து வருடம் ஓடியும் இடம் பிடித்ததற்கான ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை என்பது உங்களுக்கு எப்படி உறுத்தியது என்பதும் எனக்குத் தெரியும். இந்த வருடம் உங்களுக்கு அறுபது நிறைந்தது. ஆலை மேலாளராக இருந்த பழக்கத்தில் நீங்கள் போன வருட முடிவுகளை எல்லாம் எடுத்து அடிக்கோடு போட்டுப் படித்துவிட்டு, "சம்பந்தி, இந்தப் பிரிவுல மூணாவதா வந்தவரு ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துருக்காரு. இது நம்ம கைக்கு வந்த மாதிரிதான்" என்றீர்கள். அந்த 'நம்ம' உங்களை மட்டும்தான் குறித்தது என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை. கோப்பை நிற்பதற்காகத் தச்சரை வரவழைத்து அலமாரியின் நடுத்தட்டை வெட்டி உயரம் கூட்டினீர்கள், உள்ளே ஒரு சின்ன விளக்கும் போட்டீர்கள். அந்தப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

அதோடு, நான் முந்துகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணம் பேசிய நாளிலிருந்து நாலு வருடமாக எந்த வாசலிலும் "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்று ஒதுங்கி நின்றிருக்கிறேன். உங்கள் குடியிருப்பு லிஃப்டில்கூட உங்களுக்கு முன்னால் நுழைந்ததில்லை. காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. போதாததற்கு ஓட்டத்துக்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள். "அப்பா, நாளைக்கு மாமா முன்னாடி ஓடட்டும். நீங்க பின்னாடியே வாங்க. புரியுதா?" என்றாள். "நான் என்னைக்கும்மா முன்னாடி போயிருக்கேன்" என்றேன். "இல்லப்பா, போன மாசம் பயிற்சியில நீங்க கொஞ்சம் வேகமா ஓடுனீங்கன்னு மாமா ரெண்டு தடவ சொல்லிட்டார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அதான் பயமா இருக்கு" என்றாள். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

சத்தியத்தைக் காப்பாற்றப் போய்த்தான் எல்லாம் கெட்டது. புறப்படும் இடத்தில் உங்களுக்கு மூன்று வரிசை தள்ளி நின்றேன். விசில் ஊதியதும் ஆயிரம் பேர் ஒரேயடியாக நகர்ந்ததில் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். நம் குழுவில் எல்லோருக்கும் அதே ஆரஞ்சுச் சட்டை. அந்தச் சட்டைகளில், கோபித்துக்கொள்ளாதீர்கள், பின்னந்தலையில் முடியில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குப் பத்தடி பின்னால் பக்தியோடு ஓடினேன். மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையில் அது நிற்கவில்லை. இன்றைக்குச் சம்பந்தி நல்ல வேகத்தில் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு நானும் தண்ணீர் குடிக்காமல் ஓடினேன். ஆறாவதில் என் ஷூ நாடா அவிழ்ந்தது. நல்லதாகப் போயிற்று என்று குனிந்து ஒருமுறைக்கு மூன்றுமுறை கட்டினேன். நிமிர்ந்தால் ஆரஞ்சுச் சட்டை தெருமுனையில் இருக்கிறது. பின்னால் வருவது என்றாலும் கண்ணுக்கு எட்டும்படி வந்தால்தானே மரியாதை என்று வாயைப் பிளந்துகொண்டு விரட்டினேன். "சம்பந்தி, கொஞ்சம் மெதுவா" என்று கத்தினேன். அது இன்னும் வேகமாக ஓடியது. "சம்பந்தி, நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு அது ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்படியே எல்லைக்கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கி, திரும்பிய முகத்தைப் பார்த்தால், குழுவில் போன மாதம்தான் சேர்ந்த, சாவி செய்கிற பூட்டுக்காரர். "வீட்ல கல்யாணமாகாத பொண்ணு ரெண்டு இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஆளு சம்பந்தி சம்பந்தின்னு தொரத்திட்டு வந்தா நான் என்னங்க பண்றது?" என்றார். திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அப்போதுதான் கோட்டைத் தாண்டினீர்கள். வழியில் எந்த இடத்தில் உங்களைக் கடந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் ஏதோ ஒரு தண்ணீர் மேசையில் நின்றிருக்க வேண்டும்.

பரிசளிப்பின்போது நான் நடமாடும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். என் பெயரை மூன்று தடவை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். நான்காவது தடவை நம் குழுச் செயலாளர் பல் டாக்டர் வந்து கதவைத் தட்டி, "கோப்பைய வாங்கிட்டு வந்து மறுபடி உக்காந்துக்கோங்க" என்றார். மேடையில் நின்றபோது கீழே உங்களைத்தான் பார்த்தேன். நான்கு முறை கைதட்டினீர்கள். நான்கோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை காலை பல் டாக்டர் வழக்கம்போல, அந்த வாரம் யார் யார் எங்கே ஓடினார்கள், என்ன பரிசு வாங்கினார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டார். அதில் நம் இரண்டு பேர் நேரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, என் படத்தையும் போட்டு, 'சம்பந்தியையே முந்திய சம்பந்தி' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார். அவருக்கு விளையாட்டு. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஏழு பதினாலுக்கு நீங்கள் குழுவிலிருந்து வெளியேறினீர்கள் என்று வந்தது. பல் டாக்டரைக் கூப்பிட்டு அதை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அழித்தார். இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று அங்கே ஒரு வரி நின்றதில், அதுவரை பார்க்காதவர்களும் என்ன அது, என்ன அது என்று கேட்க, அதைப் படமெடுத்து வைத்திருந்த புண்ணியவான் ஒருவர் இன்னும் பெரிதாக்கிப் போட்டுவிட்டார்.

சரி, கோப்பையையே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று ஓட்டம் நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏமாத்தி ஓடுனவங்கதான் சார் திருப்பிக் கொடுப்பாங்க. நீங்க ஏமாத்துனீங்களா?" என்றார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றேன். "எப்படி? குறுக்கு வழியா, வண்டியா?" என்றார். வண்டி என்றால் எந்த வண்டி என்று கேட்பார்களே என்று குறுக்கு வழி என்றேன். "அப்ப ஒரு வருஷத் தடை. பேரும் படமும் எங்க பக்கத்துல வரும். உங்க குழுவையும் எச்சரிப்போம்" என்று ஒரு தாளை நீட்டினார். குழுவில் என் மாப்பிள்ளையும் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மாப்பிள்ளையை அவர் வேலை செய்யும் இடத்து வாசலில் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கோப்பையை அந்த அலமாரி விளக்குக்கு அடியில் வைத்துவிடுங்கள் என்று துணிப்பையை நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "மாமா, அத என் வண்டியில வெக்காதீங்க. அந்த விளக்க நேத்தே அப்பா கழட்டிட்டார். ஏன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோப்பையைப் பழைய துண்டில் சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அது நியாயமாக உங்களுடையது, எனக்கு ஆள் மாறாட்டத்தில் வந்தது. ஷூவைப் பரணில் ஏற்றிவிட்டேன். இனி நான் ஓடுவதாக இல்லை. குழுவிலும் இதை எழுதிவிடுகிறேன். மகளிடம் மட்டும் பழையபடி பேசுங்கள், அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். பேத்தியின் கன்னத்தில் என் சார்பாக, நீங்கள் விரும்பினால், ஒரு முத்தம் கொடுங்கள்.

என்றும் உங்களுக்குப் பின்னால் வரும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஒட்டக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "ஏங்க, கடைசி வளைவுல நான்தான நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். நான் பசைக் குப்பியை மூடி வைத்தேன். "தெரியாம முந்திட்டேன்னு எழுதியிருக்கீங்களே, அது அவருக்கு இன்னும் அவமானமில்லையா? கண்ண மூடிக்கிட்டு ஓடுனவன்கிட்ட தோத்தா மாதிரி ஆயிடாதா?" என்றாள். எனக்கு இது தோன்றவேயில்லை.

ஆகவே உள்ளதை எழுதிவிடுகிறேன். பூட்டுக்காரர் கதை ஒன்பதாவது கிலோமீட்டர் வரை உண்மை. அங்கே அவர் திரும்பி முகத்தைக் காட்டிவிட்டார். அதற்கு மேல் ஓட்டத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் பொய். கடைசி வளைவில் நாற்பதடி முன்னால் நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேகத்தைக் குறைத்துக்கொண்டேன், அதுவும் சத்தியம். அப்போது நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் முகத்தில் இருந்த பதற்றம் போய், ஓ, நீங்களா என்பது போலச் சிரித்து, "மெதுவா வாங்க சம்பந்தி" என்று கையைக் காட்டினீர்கள். வேறு யாராக இருந்திருந்தாலும் நீங்கள் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டியிருப்பீர்கள். நான் என்பதால் கூட்டவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு மகள் ஞாபகம் வரவில்லை, பேத்தி ஞாபகம் வரவில்லை. உங்கள் தோளை உரசிக்கொண்டு தாண்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததாக நினைவில்லை. கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டதும் பயத்தால் இல்லை. உள்ளே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், அந்த முகத்தோடு உங்கள் முன்னால் வர முடியவில்லை.

ஆகவே கோப்பையை அனுப்பவில்லை. அது என்னுடையது. ஷூவையும் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். இதைப் படித்த பிறகு உங்கள் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளலாம் என்பது தெரியும். கோபத்தை என்மேல் வையுங்கள், மகள்மேல் வேண்டாம். அடுத்த மாதம் பத்தாம் தேதி ஏரிக்கரையில் ஓட்டம் இருக்கிறது. உங்கள் பெயரையும் என் பெயரையும் பதிந்துவிட்டேன். வாருங்கள். என்னைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுங்கள், நான் மெதுவாக வரப்போவதில்லை.