மேலே எழும்பியிருக்க வேண்டிய பந்து

என் பயோடேட்டாவில் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருந்தேன். ஊரில் மற்றவர்கள் எழுதுவதோடு ஒப்பிட்டால் அது ரொம்பக் கம்மி.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆசிரியர் வேலை. அங்கே தாளாளருக்கு கோல்ஃப் என்றால் உயிர் என்று தோழி சொல்லியிருந்தாள். நான் மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்து எம்.எஸ்சி. முடித்தவள். வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் அம்மாவோடு கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். எனவே 'பொழுதுபோக்கு: கோல்ஃப்' என்று அடித்துவிட்டு, இரண்டு நாள் செல்போனில் வீடியோ பார்த்தேன். (மட்டையை நேரில் பார்த்ததில்லை. அணுவையும் நேரில் பார்க்காமல்தானே பாடம் நடத்துகிறோம்?)

பயோடேட்டாவைப் படித்ததும் தாளாளரின் முகம் மலர்ந்தது. மூலையிலிருந்த பளபளப்பான பையிலிருந்து ஒரு மட்டையை உருவி, இதில் பந்து படும் முகம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். விடுவேனா? சாய்வு கூடினால் பந்து உயரே எழும்பும், பின்பக்கமாக அதிகம் சுழலும் என்றேன். பந்தைத் தூக்கிவிட நினைத்து மட்டையை மேல்நோக்கி வீசினால் காரியம் கெட்டது. கீழ்நோக்கி இறக்கி அடிக்க வேண்டும். முகத்தின் சாய்வுக்கும் மட்டை இறங்கும் கோணத்துக்கும் வித்தியாசம் கூடக்கூட சுழற்சியும் கூடும், அப்படிச் சுழலும் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும் என்று பலகையில் படமே போட்டுவிட்டேன். மனிதர் அசந்துபோனார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வாங்கம்மா, வெளிய போய் அடிச்சிக் காட்டுங்க" என்றார்.

மைதானத்தில் வேப்பமரத்தடியில் அம்மா காத்திருந்தாள். சற்றுத் தள்ளி, எனக்கு நேர் எதிரே, தாளாளரின் புதுக் கார். காரை எடுக்கச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் சார், பந்து அதற்கு மேலே போய்விடும் என்றேன். (வாழ்க்கையில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், அது இதுதான்.)

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீசினேன். மூளை 'கீழே' என்றது. கை பந்தைத் தூக்கிவிடப் பார்த்தது. மட்டையின் விளிம்பு பந்தின் நடுவில் பட்டது. பந்து தரையோடு தரையாகச் சீறிப் போய், காரின் முன்விளக்கை உடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது.

தாளாளர் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பனா ஆடியிருக்கீங்களா?"

"இல்லீங்க சார். ஆனா நான் சொன்னதுல தப்பு இல்லீங்க. மேல்நோக்கி வீசினா காரியம் கெட்டுடும்னு உள்ளயே சொன்னேன். கெட்டுடுச்சில்ல?"

அவர் மட்டையைப் பிடுங்கினார். எப்படி அடிப்பது என்று காட்டுகிறேன் பார் என்று இன்னொரு பந்தை வைத்து ஓங்கி அடித்தார். ஒரு பிடி மண் பெயர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நீங்க எப்பனா ஆடியிருக்கீங்களா சார்?"

அதோடு இன்டர்வியூ முடிந்தது. பஸ்ஸில் நான் அழுதுகொண்டு வந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இன்னாத்துக்கு அழுவுற? அந்தாளு மண்ணத்தான அடிச்சாரு. நீ பந்தையாவது அடிச்ச" என்றாள்.

இப்போது திருக்கோவிலூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு வந்து கேளுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் போட்ட படத்தில் ஒரு கோடுகூடத் தப்பில்லை.