மாப்பிள்ளை நல்லவர் என்பது நிரூபணமாகவில்லை

அக்காவின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தவள் நான்தான். அதை விதிப்படி குழப்பினேன் என்பதில் எனக்கு இன்றுவரை பெருமை உண்டு. (வீட்டில் வேறு ஒருவருக்கும் இல்லை.)

அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் அளவையியல். இரண்டு கூற்றுகளைச் சொல்லி மூன்றாவதாக ஒரு முடிவுக்கு வந்தால், அந்த முடிவு உண்மையிலேயே அவற்றிலிருந்து வருகிறதா என்று விதிகளை வைத்துச் சோதிப்போம். தவணைப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்றாறு. அது தலைக்கேறி நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. "மழை வரப்போகுது, உடுப்பை எடு" என்று அம்மா சொன்னால், முதலில் அம்மாவின் வாதத்தைச் சோதிப்பேன். சோதித்து முடிக்க உடுப்பு நனைந்திருக்கும்.

அக்காவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சம்பந்தங்கள் பேசிக் கைவிட்டுப் போயிருந்தன. மூன்றாவது கந்தளாய்க்காரர். மாப்பிள்ளைக்குச் சீனன்குடாவில் மெக்கானிக் வேலை, எங்கள் டவுனில் அறை எடுத்து இருந்தார். அக்காவும் சீனன்குடாவில்தான் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். சாதகம் பொருந்திவிட்டது. இதுவும் குழம்பினால் இனி ஒருத்தரையும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீ வாயைத் திறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லிங்கநகரில் எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரைகள் நிறைந்தன. வாடகைக்கு வான் பிடித்து ஒன்பது பேர் பொம்பிளை பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து ஒரு சொல் பேசாமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எப்படியாவது ஒரு நல்ல குணமாக்கிவிட வேண்டுமென்று அவருடைய தாய்மாமன் தொண்டையைச் செருமினார்.

"நல்ல பொடியன்மார் எல்லாரும் கதை குறைவு. எங்கட மருமகனும் கதை குறைவு. அப்ப வேறென்ன, நல்ல பொடியன்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார். பலகாரத் தட்டோடு நின்ற நான் அதைச் சோதிக்கத் தொடங்கினேன். இரண்டு கூற்றையும் இணைப்பது 'கதை குறைந்தவர்கள்' என்ற பதம். இப்படி இணைப்பதற்கு மத்திய பதம் என்று பெயர். ஒரு கூற்றாவது அந்தக் கதை குறைந்த கூட்டம் முழுவதையும் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்பது விதி. மாமாவின் கூற்று இரண்டுமே கூட்டத்தின் ஒவ்வொரு மூலையைத்தான் தொட்டன. நல்லவர்கள் ஒரு மூலையிலும் மாப்பிள்ளை வேறு மூலையிலும் இருக்கலாமே! பச்சைப் பிழை. இதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி பேசாமல் நிற்பதா?

அது பிழை என்று மாமாவிடம் சொன்னேன். தட்டை அவருடைய மடியிலேயே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரில் தாளைக் கிழித்து, கூட்டத்துக்கு ஒரு வட்டமாகக் கீறி விளக்கினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. (விளங்காதவர்களுக்கு உதாரணம் சொல்ல வேண்டும் என்று எங்கள் ரீச்சர் சொல்லித் தந்திருந்தார்.)

"எங்கட டவுன் கோட்டைக்குள்ள திரியிற மானும் கதை குறைவுதான். அப்ப மானும் நல்ல பொடியனோ?"

அம்மா குசினி வாசலில் தலையில் கைவைத்தா. மாப்பிள்ளையின் தாய் மெல்லக் கேட்டார், "அப்ப என்ர மகன் நல்லவன் இல்லையெண்டோ சொல்லுறீர் பிள்ளை?"

இந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம்.

"ஓம் அன்ரி. அப்பிடித்தான் வருது."

ஒன்பது பேரில் எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். தாய் செருப்பைத் தேடினார். அப்பா யாரையும் மறிக்கவில்லை, கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. அக்காவை இனி எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று பயந்துபோனேன்.

எழும்பாதிருந்தவர் மாப்பிள்ளை.

"தங்கச்சி சொன்னதில பாதி சரி," என்றார். "மாமா சொன்னதை வைச்சு நான் நல்லவன் எண்டு சொல்லேலாது. ஆனா கெட்டவன் எண்டும் சொல்லேலாது. எஞ்சின் ஏன் நிண்டதெண்டு ஒராள் பிழையான காரணம் சொன்னா, எஞ்சின் ஓடுது எண்டு அர்த்தமில்லைத்தானே?"

என் தொண்ணூற்றாறும் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. வாதம் செல்லாது என்றால் முடிவு பொய் என்று ஆகாது. அதைக்கூட மறந்துவிட்டு வட்டம் கீறியிருக்கிறேன்!

அப்போது குசினிக்குள்ளிருந்து அக்கா வெளியே வந்தா. அழைக்காமல் சபைக்கு வந்து பேசிய கலியாணப் பொம்பிளை எங்கள் குடும்பத்திலேயே அவதான் முதல்.

"ஆறு மாதமா ஒரே பஸ்ஸில போறம். வயது போன ஆக்கள் நிக்க இவர் இருந்ததை நான் ஒரு நாளும் காணேல்லை. எனக்கு ஓம்."

"ஒரே பஸ்ஸிலயோ?" என்ற தாய், கையிலெடுத்த செருப்பைப் போட்டுவிட்டுத் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார். இனி இந்தக் கதையை முழுதாகக் கேட்காமல் அவர் கந்தளாய் போகப் போவதில்லை. அக்காவின் வாதமும் விதிப்படி செல்லாதுதான். நான் சொல்லவில்லை.

கலியாணம் நடந்து பன்னிரண்டு வருசம். நான் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அளவையியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு கலியாண நாளிலும் அத்தான் கேட்பார், "என்ன மச்சாள், முடிவு வந்திட்டுதோ?" இன்னும் நிரூபணமாகவில்லை என்பேன்.

இந்த வருசம் அப்பா வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மூன்று மாதம் அவரைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வார்த்தது அத்தான்தான். ஒருநாள் துவாயோடு பக்கத்தில் நின்ற நான், "அத்தான், நீங்கள் நல்லவர்தான்," என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். "எந்த விதிப்படி?"

"நான் கண்டனான்," என்றேன்.

தீர்ப்பு வந்துவிட்டதென்று அத்தான் இப்போது வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தான் பஸ்ஸில் ஆறு மாதத்தில் கண்டதைக் காண அளவையியல் ரீச்சருக்குப் பன்னிரண்டு வருசம் எடுத்தது என்று அக்கா பக்கத்தில் நின்று சிரிக்கிறா.